பத்துமலையின் பின்பக்கம்: கயிற்று நுனியில் சில எண்கள்

தைப்பூசத்துக்கு ஒரு தடவையாவது பத்துமலைக்குப் போகாத தமிழ்க் குடும்பம் இந்த நாட்டில் இருக்குமா? 272 படிகள், 42.7 மீட்டர் உயர முருகன், கையில் இருப்பதைப் பிடுங்கும் குரங்குகள் எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் அந்தச் சுண்ணாம்புக் குன்றுக்குப் பின்பக்கமும் ஒன்று உண்டு. கோயில் வாசலில் நிற்காமல் மலையைச் சுற்றிக் காரை விட்டால் குவா டாமாய் வரும். வீடுகள் முடிகிற இடத்தில் செங்குத்தாக ஒரு பாறைச் சுவர் எழுந்து நிற்கும். சனி, ஞாயிறு காலைகளில் அண்ணாந்து பார்த்தால், வீட்டுச் சுவரில் பல்லி போல ஆட்கள் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

மலாய், சீன, தமிழ் இளைஞர்களோடு வெளிநாட்டுக்காரர்களும் வருகிறார்கள். இப்போது பிள்ளைகளோடு வரும் குடும்பங்களையும் பார்க்க முடிகிறது. பாறையில் துளை போட்டு இரும்பு வளையங்கள் பதித்திருக்கிறார்கள். ஏறுபவர் இடுப்பில் ஹார்னஸ் பட்டை கட்டி, அதில் கயிற்றை முடிந்துகொண்டு, வளையம் வளையமாகக் கயிற்றை மாட்டியபடி மேலே போவார். கீழே நிற்பவருக்கு பிலேயர் என்று பெயர். கயிற்றை விட்டுக்கொடுப்பதும் இறுக்கிப் பிடிப்பதும் அவர் வேலை. இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஒரு விரல் பருமன்கூட இல்லாத கயிறு. மலாயில் கயிற்றுக்குத் 'தாலி' என்றுதான் பெயர். "தாலி பாகுஸ்!" என்று யாராவது கத்தினால் நம் ஆட்கள் ஒரு கணம் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

அங்கே ஒரு அப்பாவைக் கவனித்தேன். பத்து வயது மகள் ஹார்னஸ் மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அப்பா பயிற்சியாளரிடம் கேட்டார்: "தம்பி, இந்தக் கயிறு எத்தனை கிலோ தாங்கும்?"

எந்தத் தகப்பனும் கேட்கக்கூடிய கேள்விதான். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே கயிற்றின் நுனியை அவர் கையில் கொடுத்தார். "அண்ணே, அது மட்டும் இதுல இருக்காது. மத்ததெல்லாம் இருக்கு, பாருங்க."

உண்மைதான். பாறை ஏறும் கயிற்றின் நுனியில் சுற்றியிருக்கும் பட்டையில் பருமன், நீளம், ஒரு வட்டத்துக்குள் 1 என்ற எண், 'இஎன் 892' என்ற ஐரோப்பியத் தரக் குறி, சிஇ எழுத்துகளுக்குப் பக்கத்தில் சோதனையைச் சரிபார்த்த அமைப்பின் நான்கு இலக்க எண் ஆகியவை இருக்கும். சிலவற்றில் உலக மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பான யுஐஏஏவின் முத்திரையும் இருக்கும். கூடவே வரும் சிறு கையேட்டில் இன்னும் சில எண்கள் உண்டு. எத்தனை கிலோவில் அறுந்துபோகும் என்ற எண்ணை மட்டும் அந்தத் தரவிதி கேட்பதே இல்லை.

ஏனென்றால் கயிற்றில் சும்மா தொங்கும்போது ஆபத்து இல்லை. விழுந்து, கயிறு சட்டென்று பிடித்து நிறுத்தும் அந்த நொடியில்தான் ஆபத்து. கயிறு கம்பிபோல விறைப்பாக இருந்தால் அது அறாது. நம் இடுப்பும் முதுகெலும்பும்தான் நொறுங்கும். அதனால் இந்தக் கயிறு நீண்டுகொடுக்க வேண்டும். விழும் ஆளைத் தடுத்து நிறுத்தாமல், தாங்கி நிறுத்த வேண்டும்.

சோதனைக்கூடத்தில் பார்ப்பதும் இதைத்தான். கயிற்றின் ஒரு முனையை அசையாமல் கட்டி, மறுமுனையில் 80 கிலோ எடையைக் கட்டி, ஏறக்குறைய 5 மீட்டர் விழவிடுகிறார்கள். முதல் விழுதலில் எடைமேல் வரும் அதிர்வு விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 100 கிலோ எடை நம்மை இழுப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கயிறுகளின் கையேட்டில் 8, 9 என்றுதான் போட்டிருக்கும். இந்த எண் எவ்வளவு குறைவோ, பிடி அவ்வளவு மென்மை. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, அறும்வரை எடையைத் திரும்பத் திரும்ப விழவிடுவார்கள். குறைந்தது 5 தடவை தாங்கினால்தான் கயிறு தேறும்.

இங்கே பலருக்கு ஒரு குழப்பம். '7 விழுதல்' என்று போட்டிருந்தால் ஏழு தடவை விழுந்ததும் தூக்கிப்போட வேண்டுமா? வேண்டாம். விழுந்த தூரத்தை, வெளியே விட்டிருந்த கயிற்றின் நீளத்தால் வகுத்துப் பாருங்கள். 20 மீட்டர் கயிறு வெளியே இருக்கும்போது 4 மீட்டர் விழுந்தால் 0.2. சோதனைக்கூடத்தில் அந்தக் கணக்கு ஏறக்குறைய 1.77. டாமாயில் சாதாரணமாக வழுக்கி விழுவதெல்லாம் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதே 4 மீட்டரை 5 மீட்டர் கயிற்றில் விழுந்தால் 0.8. தரையை ஒட்டிய முதல் சில வளையங்களில் பழகியவர்கள் அதிகக் கவனமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்: கயிறும் குறைவு, தரையும் பக்கம்.

வட்டத்துக்குள் 1 என்றால் ஒற்றையாகப் பயன்படுத்தலாம். ½ என்றால் இரண்டு கயிறுகளை இரண்டு பக்கமாக மாறி மாறி மாட்ட வேண்டும். அதை 55 கிலோ எடையில்தான் சோதித்திருப்பார்கள். ஒன்றோடொன்று பின்னிய இரண்டு வளையங்கள் இருந்தால், இரண்டு கயிறுகளையும் ஒரே கயிறுபோலச் சேர்த்தே மாட்ட வேண்டும். பத்துமலையில் உங்கள் பிள்ளையைக் கட்டும் ஒற்றைக் கயிற்றில் இருக்க வேண்டியது வட்டத்துக்குள் 1.

இனி, உண்மையிலேயே பயப்பட வேண்டிய விஷயம். எங்கள் அலுவலகத் தம்பி ஒருவன் இணையத்தில் மலிவாக ஒரு கயிறு பார்த்தான். "அக்கா, மத்ததெல்லாம் 9 கிலோநியூட்டன்தான், இது 22!" என்று ஒரே சந்தோஷம். அந்த 22, அறுந்துபோகும் அளவு. அது 'இஎன் 1891' வகை, அதிகம் நீளாத கயிறு; ஏ ரகத்துக்கு 22 கிலோநியூட்டன் என்பது குறைந்தபட்ச விதி. உயரமான கட்டடங்களில் கண்ணாடி துடைப்பவர்களும், மீட்புப் படையினரும், குகைக்குள் இறங்குபவர்களும் தொங்குவது அதில்தான். அவர்களுக்குக் கயிறு ரப்பர்போல ஆடக் கூடாது. அதை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் ஏறிப் போய் விழுந்தால் கயிறு அறாது. ஆனால் அந்த அடி முழுவதும் உடம்பில் இறங்கும். இரண்டு எண்ணுக்கும் ஒரே அலகு. ஒன்று கூடினால் நல்லது, மற்றது குறைந்தால் நல்லது. தம்பி அதை வாங்கவில்லை. எந்தக் குறியுமே இல்லாத ஹார்ட்வேர் கடைக் கயிற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம். அது லாரி தார்ப்பாய் கட்ட.

குறிகளெல்லாம் வருவதற்கு முன்னால் கயிறு எப்படி இருந்தது? 1865இல் ஆல்ப்ஸ் மலையின் மாட்டர்ஹார்ன் சிகரத்தை முதன்முதலில் தொட்ட ஏழு பேர் இறங்கும்போது ஒருவர் வழுக்கினார். நடுவில் கயிறு அறுந்து நான்கு பேர் மாண்டார்கள். அந்த அறுந்த கயிறு சுவிட்சர்லாந்தின் செர்மாட் ஊர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. நைலான் உள்கருவும் அதைச் சுற்றிப் பின்னிய மேலுறையுமாக இன்று நாம் பார்க்கும் கயிறு 1953இல் ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனத்திலிருந்து வந்தது.

நீளம் என்ற எண் சாதாரணமாகத் தெரியும், ஆனால் கவனம் தேவை. ஏறியவரை இறக்கும்போது கயிறு உச்சி வளையத்தில் மடங்கி இரட்டையாக வரும். 30 மீட்டர் ஏற 60 மீட்டர் கயிறு. நம் முருகன் சிலை உயரத்துக்கு ஒரு பாதை இருந்தால் 70 மீட்டர் கயிறுகூடப் பத்தாது. 85க்கு மேல் வேண்டும். கயிறு குறைந்தால் அதன் கடைசி நுனி பிலேயர் கையிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் கீழ்நுனியில் ஒரு முடிச்சு போட்டுவைக்கச் சொல்வார்கள். தேய்ந்த நுனியை வெட்டியிருந்தால் பட்டையில் உள்ள நீளமும், நடுவில் இட்ட அடையாளமும் பொய்யாகிவிடும். பழைய கயிற்றை யாராவது விற்றால் அளந்து பார்த்துவிடுங்கள்.

இந்த எண்கள் எல்லாம் புதுக் கயிற்றுக்கு. நம் வெயில் நைலானைத் தின்னும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள், பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் 10 ஆண்டுதான் என்கிறார்கள். வாராவாரம் ஏறினால் அதைவிட மிகக் குறைவு. பத்துமலைப் பாறையின் கூரிய விளிம்புகளுக்கு எந்தக் குறியும் உத்தரவாதம் இல்லை. கார் பூட்டில், பழைய பேட்டரி பக்கத்தில் கயிற்றைப் போட்டுவைக்காதீர்கள். பேட்டரி அமிலம் பட்டால் மேலே ஒன்றும் தெரியாமலே உள்ளே இற்றுப்போகும். ஒவ்வொரு தடவையும் முழுக் கயிற்றையும் கைகளுக்குள் உருவிப் பார்க்க வேண்டும். எங்காவது மெத்தென்று அமுங்கினாலோ, உறை கிழிந்து உள்ளே வெள்ளை நூல் தெரிந்தாலோ அந்தக் கயிற்றின் கதை முடிந்தது.

பயிற்சியாளர் தன் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். கயிறு வாங்கிய தேதி, பெரிதாக விழுந்த நாள், பரிசோதித்த நாள் எல்லாம் அதில் இருந்தன. அப்பா பக்கம் பக்கமாகப் படித்தார். மகளுக்குத்தான் பொறுமை இல்லை. "அப்பா, போதும்ப்பா!" என்றாள். பிறகு அப்பாவே முடிச்சைப் பயிற்சியாளரோடு சேர்ந்து சரிபார்த்தார். மூன்றாவது வளையம் வரை போனாள், கை வழுக்கிற்று, கயிறு மெல்ல நீண்டு அவளைத் தொட்டில்போல ஆட்டியது. அவள் சிரித்த சத்தம் பாறையில் பட்டு எதிரொலித்தது.

ஓய்வு பெற்ற கயிற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். முழுதாக விட்டால் யாராவது எடுத்து ஏறிவிடுவார்களாம், அதனால் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறார். வரும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு மீட்டர், வீட்டில் எட்டு முடிச்சு போட்டுப் பழக.