கையை விட்டுப் போன பந்து

மகள் வீட்டுப் புறக்கடையில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் வாளிதான் எனக்கு இருக்கை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரம். வருடத்தில் ஐந்தாறு மாதம் இங்கேதான் இருக்கிறேன். மாலையில் பேரன் பேஸ்பால் பந்துகளோடு வந்து எதிரே நிற்பான். நான் தோலுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் வயதுக்காக வேகத்தைக் குறைத்துத்தான் எறிவான்.

அவனுக்கு 13 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் அவனுடைய பயிற்சியாளர், "இந்தப் பையன் கையில் ஏதோ இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சே மாறிப்போனது. எந்தப் பள்ளி, எந்த முகாம், எந்தக் கல்லூரி என்று கணக்குப் போட்டார்கள். இந்த வசந்தத்தில் அவன் எறியும் பந்து பக்கவாட்டில் போகிறது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் பேச்சும் குறைந்துவிட்டது.

34 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். விடாமுயற்சியைப் பற்றிச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல் விழுங்கியதற்கு, இதே ஊர் அணிக்காக ஆடிய ஓர் இளைஞர்தான் காரணம்.

ரிக் ஆங்கீல் என்று பெயர். புளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் ஊர்க்காரர். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு 1997இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி 25 லட்சம் டாலர் கொடுத்து அவரை எடுத்துக்கொண்டது. இடக்கைப் பிட்சர், அதாவது பந்தெறிபவர். வேகமும் இருந்தது; மேலே எழும்பித் தொப்பென்று விழும் வளைபந்தும் இருந்தது. 20 வயதில் பெரிய லீகுக்கு வந்துவிட்டார். அடுத்த ஆண்டு, 2000இல், 11 ஆட்டங்களில் வெற்றி தேடித்தந்தார். 175 இன்னிங்ஸில் 194 பேரை, பந்தை அடிக்க விடாமலே, ஸ்டிரைக் அவுட் செய்தார். நூறு வருடத்துக்கு ஒருமுறை வருகிற கை என்று ஊர் பேசியது.

அந்த வருடம் அக்டோபர் 3ஆம் தேதி, பிளேஆஃப் சுற்றின் முதல் ஆட்டம். எதிரணி அட்லாண்டா பிரேவ்ஸ். பயிற்சியாளர் டோனி லா ரூஸா 21 வயதுப் பையனை நம்பிப் பந்தைக் கொடுத்தார். முதல் இன்னிங்ஸிலேயே கார்டினல்ஸ் 6 ரன் எடுத்துவிட்டது. கவலைப்பட எதுவும் இல்லை. மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு பந்து கேட்சரைத் தாண்டிப் பின்னால் ஓடியது. இதை வைல்ட் பிட்ச் என்பார்கள். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பராலும் எட்டிப் பிடிக்க முடியாமல் போகும் வைடை நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒரே இன்னிங்ஸில் ஐந்து வைல்ட் பிட்ச். பெரிய லீகில் 1890க்குப் பிறகு அதுவரை யாருக்கும் அப்படி நடந்ததில்லை. பந்தெறிபவர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டையாளர் பக்கத்துத் தட்டு வரை 60 அடி 6 அங்குலம். முந்தின நாள் வரை கண்ணை மூடிக்கொண்டு எறிந்த தூரம்.

அணி அன்று ஜெயித்துவிட்டது. அதற்குப் பிறகு நியூயார்க் மெட்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் 20 பந்துகளோடு முதல் இன்னிங்ஸிலேயே அவரை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று.

கையில் காயம் எதுவும் இல்லை. விளையாட்டு வீரர்கள் இதற்கு ‘யிப்ஸ்’ என்று ஒரு பெயர் வைத்திருந்தாலும், அதை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள். ராத்திரியில் பாம்பைப் பாம்பென்று சொல்லாமல் கயிறு என்று நம் வீடுகளில் சொல்வது போலத்தான். இது எப்படி வருகிறது என்பதற்கு எனக்குப் புரிந்த விளக்கம் என் மனைவியின் கோலம். 15 புள்ளிச் சிக்குக் கோலத்தைப் பேசிக்கொண்டே போட்டு முடிப்பாள். ஒருநாள் பேத்திக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து, "இந்த இடத்தில் எப்படித் திரும்புவேன்?" என்று யோசித்தாள். கோடு தவறிவிட்டது. பல்லாயிரம் முறை செய்து கைக்குள் போய்விட்ட வேலையை மனம் திரும்ப எடுத்துப் பார்த்தால் கை திகைத்துவிடும். அவள் சிரித்துக்கொண்டே அழித்துவிட்டு மறுபடி போட்டாள். நாடே பார்க்க மேட்டில் நிற்கிறவனுக்கு அழிக்க வழியில்லை.

ஆங்கீல் பின்னாளில் எழுதிய புத்தகத்தில் வீட்டைப் பற்றியும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். குடிக்கிற, அம்மாவை அடிக்கிற அப்பா. அந்த 2000ஆம் வருடம்தான் அப்பா போதைப்பொருள் வழக்கில் சிறைக்குப் போனார். 2001இல் தான் பந்தெறிந்த முதல் ஆட்டத்துக்கு முன்னால் பயத்தை அடக்க வோட்கா குடித்ததையும் எழுதியிருக்கிறார். வெறும் நரம்புக் கோளாறு என்று கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிள்ளை எத்தனை சுமையோடு மேடேறியிருப்பான்.

அந்த 2001இலேயே அவரைக் கீழ்நிலை லீகுக்கு, மெம்ஃபிஸுக்கு அனுப்பினார்கள். அங்கே ஐந்து இன்னிங்ஸ்கூட முழுதாக எறியாமல் 17 பேருக்கு வாக் கொடுத்தார்; பந்து குறி தவறித் தவறிப் போனதால் மட்டையாளருக்குச் சும்மா கிடைக்கிற முதல் தளம் அது. பிறகு அடிமட்டத்துக்கு, டென்னசியின் ஜான்சன் சிட்டிக்கு. அங்கே பந்து சொன்னபடி கேட்டது. பந்தெறியாத நாட்களில் மட்டை பிடித்து 10 ஹோம் ரன்னும் அடித்தார். பின்னர் முழங்கையில் அறுவை சிகிச்சை. நான்கு வருடம் இப்படிப் போய், 2004 செப்டம்பரில் பெரிய லீகுக்குத் திரும்பி வந்தார். 10 இன்னிங்ஸ் எறிந்து ஒரே ஒரு வாக்தான் கொடுத்தார்.

ஒரு வாத்தியாராக நான் சொல்லும் கதை இங்கே முடிந்திருக்கும். முயன்றான், வென்றான். ஆனால் 2005 மார்ச்சில், 25 வயதில், இனிப் பந்தெறியப் போவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். எறிய முடிகிற நேரத்தில் விட்டார். வெளியே பந்து சரியாகப் போய்க்கொண்டிருந்தாலும் அதற்காக உள்ளே கொடுக்கிற விலை கட்டுப்படியாகவில்லை. அந்த விலை அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாணவன் நினைவுக்கு வந்தான். எண்பதுகளில், எட்டாம் வகுப்பு. கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன் விடை சொல்வான். அவனை வகுப்பு வகுப்பாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் நிறுத்தினேன். மாவட்டத்தில் முதலாவதாக வருவான் என்று ஊரெல்லாம் சொன்னேன். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் முதல் அரைமணி நேரம் பேனாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தானாம். தேறினான், அவ்வளவுதான். "இப்படி ஏமாத்திட்டியேடே" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் பொறுப்பை ஒரு குழந்தையின் தலையில் வைத்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ரொம்ப வருடம் கழித்து அவனுடைய மின்சாரச் சாமான் கடைக்குப் போனேன். மரியாதையாக நாற்காலி போட்டான். மூன்று சாமான். அந்த மூன்றையும் கால்குலேட்டரில் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு ரசீது எழுதினான்.

ஆங்கீல் மட்டையாளராக, வெளிக்களத்து வீரராக மறுபடி அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். முழங்கால் காயத்தில் ஒரு வருடம் முழுக்க வீணானது. 2007 ஆகஸ்ட் 9ஆம் தேதி செயின்ட் லூயிஸ் மைதானத்துக்குள் திரும்பி வந்து, அன்றைக்கே ஹோம் ரன் அடித்தார். ஊரே எழுந்து நின்றது. அடுத்த வருடம் 25 ஹோம் ரன். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது வேறொரு காட்சி. 2008 மே மாதம், டென்வரில். நடுக்களத்தின் ஆழத்திலிருந்து, ஏறக்குறைய 300 அடி தூரத்திலிருந்து, ஒரு தடவைகூடத் தரையில் படாமல் மூன்றாம் தளத்துக்கு எறிந்து ஓடியவரை வீழ்த்துகிறார். அதே ஆட்டத்தில் இரண்டு முறை. அதே கை. 60 அடியில் வழி தவறிய அதே கை.

முழுதாக விளையாட்டை விட்ட பிறகு வாஷிங்டன் அணியில் இளம் வீரர்களுக்குப் பேச்சுத் துணையாகச் சிறிது காலம் வேலை பார்த்தார். அந்தப் பையன்கள் கொடுத்து வைத்தவர்கள்.

நேற்று மாலையும் பேரன் வந்து நின்றான். முதல் பந்து வேலியில் போய் மோதியது. இரண்டாவது வாளிக்குப் பக்கத்தில் விழுந்தது.

"கோச் என்ன சொன்னார்னு கேக்க மாட்டீங்களா தாத்தா?"

"நீ சொன்னா கேட்டுக்கிடுதேன்."

அவன் சொல்லவில்லை. காலால் புல்லைக் கிளறிக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். மூன்றாவது பந்து என் தலைக்கு மேலே போய்ப் புதருக்குள் புகுந்தது. நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குனிந்து தேடி எடுத்துவந்தேன். அவன் கையுறையை விரித்துக் காத்திருந்தான். நான் எறிந்த பந்து பாதி தூரத்திலேயே விழுந்துவிட்டது. அவன் நடந்து வந்து அதை எடுத்துக்கொண்டு, எறியும் இடத்துக்குத் திரும்பிப் போகாமல், என் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தான்.