தண்ணீரில் தெரிந்த வாணம்

வாணவேடிக்கையைத் தரையில் நின்று பார்த்தால் பாதிதான் கிடைக்கும்; மறுபாதி தண்ணீரில் இருக்கிறது. தெப்பத் திருவிழா கண்டவர்களுக்கு இது தெரியும்.

கோடை விடுமுறைக்கு வந்த பேரனைத் தாம்பரத்திலிருந்து முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போனேன். கோவளத்துக்கு வடக்கே, கடலோடு கூடும் உப்பங்கழி அது. அந்தி மயங்கும் நேரம். எங்கள் படகு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. கரையில் ஏதோ கல்யாண வீட்டார் வாணம் விட்டார்கள். வெடித்தது ஒன்று, பூத்தவை இரண்டு!

"இதெல்லாம் யார் தாத்தா செய்கிறார்கள்?"

"சிவகாசிப் பக்கத்தில். அங்கே மழை குறைவு. மருந்து நன்றாக உலரும்."

"அவர்களுக்கும் இப்போது லீவா?"

என்ன சொல்வது? தீபாவளிச் சரக்குக்கு வேலை நடப்பதே கோடையில்தான். வெயில் ஏற ஏற ஆபத்தும் ஏறும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது விதி. விபத்து நேர்ந்தாலும் உயிர்ச்சேதம் பெருகாதிருக்கத்தான். விதி காற்றில் பறக்கும்போது பலி பெருகுகிறது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30 பேருக்கு மேல் மாண்டார்கள்.

வாணவேடிக்கை என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். வேடிக்கை நம்முடையது; வாணம் அவர்களுடையது.