எண்ணெய் குடித்த சுருள்

பெரியப்பா சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா போனவர். ஒருதரம் ஊர் பார்க்க பலாபத்வல வீட்டுக்கு வந்தபோது, அப்பாவின் கையில் ஒரு எச்.எம்.டி. ஜனதாவைக் கட்டிவிட்டுப் போனார். அந்தச் சாவி கொடுக்கும் மணிக்கூடு இப்போது என்னிடம் இருக்கிறது. நிற்காமல் ஓடும். ஆனால் முன்பு ஒருநாள் 5 நிமிடம் முந்தும், மறுநாள் 20 நிமிடம் முந்தும்.

திருத்தக் கொடுத்த ஓரிடத்தில் பின்மூடியைத் திறந்து, ரெகுலேட்டர் முள்ளை மந்தப் பக்கம் கடைசிவரை தள்ளித் தந்தார்கள். அதன் பிறகு சில நாள் பிந்தியது, சில நாள் பழையபடி முந்தியது. குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்கியது அப்போதுதான்.

ரெகுலேட்டர் செய்யும் வேலை சின்னது. பலன்ஸ் சில்லை இழுத்து விடும் ஹெயார் ஸ்பிரிங்கின் வெளிச்சுருள் இரண்டு நுண்ணிய ஊசிகளுக்கு இடையே போகிறது. முள்ளைத் தள்ளினால் ஊசிகள் நகரும், ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் கூடும் அல்லது குறையும். குறைந்தால் வேகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நாளுக்கு 20 நிமிடம் முந்த, நீளத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு குறைந்தாலே போதும். ரெகுலேட்டர்தான் பிழை என்றால் மணிக்கூடு தினமும் ஒரே அளவில் முந்த வேண்டும். என்னுடையது நாளுக்கொரு கணக்கு காட்டியது. அப்படியென்றால் நீளம் தானாகவே மாறிக்கொண்டிருக்கிறது.

ஹெயார் ஸ்பிரிங் என்ற இந்தச் சுருளுக்கு வயது சுமார் முந்நூற்றைம்பது. 1675இல் ஹொலண்ட் விஞ்ஞானி ஹைகன்ஸ் இதைப் பாரிஸில் அறிவித்தார். உடனே லண்டனில் ரொபர்ட் ஹூக், எண்ணம் தன்னுடையதே என்று சண்டைக்கு வந்தார். அதே ஆண்டு தொம்பியன் என்ற கடிகாரக்காரர் மன்னர் இரண்டாம் சார்ல்ஸுக்குச் செய்த மணிக்கூட்டில், கண்டுபிடித்தவர் ஹூக், ஆண்டு 1658 என்றே பொறித்தார்கள். யார் முந்தியவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. வெயிலில் உருக்குச் சுருள் இளகிப் பிந்தும் தொல்லைக்கு மருந்தான உலோகக் கலவையைத் தேடியவர் குய்யோம் என்ற விஞ்ஞானி. நிக்கல் உருக்கு ஆய்வுக்காக 1920இல் அவருக்கு பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது.

என் மணிக்கூட்டில் முதலில் காந்தத்தைச் சந்தேகித்தேன். காந்தம் ஏறினால் சுருள்கள் ஒட்டிக்கொள்ளும், நீளம் குறையும். மேசையில் திசைகாட்டியை வைத்து மணிக்கூட்டை மெல்ல அருகே கொண்டுபோனேன். முள் பெரிதாக அசையவில்லை.

பிறகு மாத்தளை திருகோணமலை வீதியில் எனக்குத் தெரிந்த நானா ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுருள் விரிந்து சுருங்குவதையே நெடுநேரம் பார்த்தார். மணிக்கு 18,000 துடிப்பு. வெறுங்கண்ணுக்கு அது ஒரு நடுக்கம் மட்டுந்தான்.

“இதுக்கு எண்ணெய் விட்டது யாரு தம்பி?” என்றார். வெளிப்பக்கத்து இரண்டு சுருள்கள் ஓரிடத்தில் ஒட்டுவதும் விடுவதுமாக இருந்தன. எப்போதோ யாரோ தாராளமாக விட்ட எண்ணெய் ஊர்ந்து வந்து ஸ்பிரிங்கில் படிந்திருந்தது. ஓடாத எதற்கும் எண்ணெய் விடுவது நம் ஊர் வைத்தியம். எண்ணெயே படக்கூடாத உறுப்பு இது என்றார் நானா. லைட்டருக்கு ஊற்றும் பெற்றோலில் கழுவி, உலர்த்தி, ரெகுலேட்டரை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஊசிகளுக்கு இடையே சுருள் மயிரிழை அளவு அசைய இடமும் விட்டார். இப்போது நாளுக்கு அரை நிமிடத்துக்குள்தான் வித்தியாசம் வருகிறது.

எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசனோடு சேர்ந்து பெங்களூரில் மணிக்கூடு செய்யத் தொடங்கிய நிறுவனம். 2016இல் இந்திய அரசு அதன் மணிக்கூட்டுப் பிரிவை மூட முடிவெடுத்தது. அதனால் சுருளை முறித்துவிட்டால் இன்னொரு பழைய ஜனதாவில் இருந்து கழற்ற வேண்டி வரலாம். ஆகவே வீட்டில் பழைய மணிக்கூடு இருந்து, அது நாளுக்கொரு கணக்குக் காட்டினால், ரெகுலேட்டரில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். சுருளைப் பார்க்கச் சொல்லுங்கள்.