கால் நனைந்த பிறகு

என் தகப்பனார் திருநெல்வேலிச் சீமையில் உபதேசியாராக ஊழியம் செய்தவர். சில வருஷங்களுக்கு ஒருமுறை சபை விட்டுச் சபை மாற்றல் வரும். வந்தால், பாத்திரபண்டங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, பழகிய முகங்களையெல்லாம் விட்டுப் புறப்பட வேண்டியதுதான். எனக்கு ஒன்பது வயதாயிருக்கையில் அப்படியொரு மாற்றல் கடிதம் வந்த இரவில், குடும்ப ஜெபத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது யோசுவாவின் புஸ்தகம் மூன்றாம் அதிகாரம். பிற்காலத்தில் எத்தனையோ பிரசங்கிகள் வாயிலாக அந்தப் பகுதியைக் கேட்டிருந்தும், மண்ணெண்ணெய் விளக்கின் அருகே அவர் நிறுத்தி நிறுத்தி வாசித்ததே என் நெஞ்சில் நிலைத்திருக்கிறது.

அதில் இஸ்ரவேலர் கடக்கிற யோர்தான் எப்போதும் பயங்கரமான நதியன்று. கோடையில் சில துறைகளில் நடந்தே கடந்துவிடலாம். ஆனால் இஸ்ரவேலர் கடக்கும்படி கட்டளை பெற்றதோ, எர்மோன் மலையின் பனி உருகி இறங்கி, கரையெங்கும் வெள்ளம் புரளுகிற அறுப்புக் காலம். அவர்களுடைய பிதாக்கள் செங்கடலைக் கடந்தபோது, இரவெல்லாம் கீழ்காற்று வீசி, தண்ணீர் பிளந்து, வெட்டாந்தரை கண்ணுக்குத் தெரிந்த பிறகே ஜனங்கள் இறங்கினார்கள். பிள்ளைகளுக்கோ அந்தச் சலுகை அளிக்கப்படவில்லை. உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்களின் உள்ளங்கால் ஓரத்துத் தண்ணீரில் பட்டு நனைந்த பிறகுதான், மேலே வெகு தூரத்தில், ஆதாம் என்னும் ஊரருகே, வெள்ளம் குவியலாக நின்றது. அதே பிரதேசத்தில் 1267-ஆம் வருஷத்தில் கரை சரிந்து நதி சில மணி நேரம் நின்றுபோனதாக ஓர் அராபியச் சரித்திரக்காரர் எழுதி வைத்திருக்கிறார். அதைக் காட்டி, இது அற்புதமன்று, இயற்கையே என்பாரும் உண்டு. கால் நனைந்த அந்தக் கணத்திலேயே இயற்கை கீழ்ப்படிந்ததென்றால் அதைவிடப் பெரிய அற்புதம் எனக்குத் தெரியவில்லை.

ஜனங்களுக்கும் பெட்டிக்கும் நடுவே 2000 முழம், அதாவது அரை மைலுக்குச் சற்று மேல், இடைவெளி விடும்படி சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் அதற்குமுன் நடந்திராத வழி ஆதலால், எல்லோரும் பெட்டியைப் பார்த்து நடக்க வேண்டுமென்பதே காரணம். நெருக்கியடித்து நின்றிருந்தால் முன்னே போகிறவன் முதுகைத்தவிர வேறென்ன தெரியும்? கடைசியில் கைக்குழந்தையோடு வருகிற ஏழை ஸ்திரீயின் கண்ணுக்கும் தேவசந்நிதானம் தப்பாமல் தெரியவேண்டுமென்ற தயவு அந்த இடைவெளியில் இருந்ததாகவே நான் நினைக்கிறேன்.

அக்கரை சேர்ந்தபின் நடந்தது என் மனத்தை இன்னும் அதிகமாகத் தொடுகிறது. 40 வருஷம், ஆளுக்கு ஓர் ஓமர் வீதம், ஏறக்குறைய 2 லிட்டர் அளவு, கொத்துமல்லி விதைபோல் விடியற்காலத்தில் தரையில் கிடந்த மன்னா, அவர்கள் கானானின் தானியத்தைப் புசித்த மறுநாளே ஒழிந்துபோயிற்று. வனாந்தரத்தில் பிறந்து, வேறு ஆகாரமே அறியாத ஒரு தாய், அன்று காலை வெறுந்தரையைக் கண்டு எவ்வளவு வியாகுலப்பட்டிருப்பாள்! கொடுத்த கை மடங்கிவிடவில்லை. கொடுக்கும் விதந்தான் மாறியது. ஆனால் பழகிய விதம் நின்றுபோகும்போது கையே விலகிவிட்டதாக மனித மனம் எண்ணிக்கொள்ளுகிறது.

என் தாயார் அதை எங்ஙனம் அறிந்திருந்தார்களோ! தினந்தோறும் உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்து, காணிக்கைக்கென்று வாய் குறுகிய ஒரு மண்கலயத்தில் போட்டுவைப்பது அவர்கள் வழக்கம். புறப்படுகிற அன்று அந்தக் கலயத்தை ஆலயத்தில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு வந்தார்கள். "போகிற இடத்தில் என்ன இருக்கிறதோ, இதையாவது வைத்துக்கொண்டால் என்ன அம்மா?" என்று என் தமக்கை கேட்டாள். "இது இந்தச் சபைக்கு எடுத்து வைத்ததல்லவா? அங்கே வேண்டியதை அங்கே தருவார்" என்றார்கள். குரல் உறுதியாயிருந்தது, ஆனால் கொல்லையிலிருந்த முருங்கை மரத்தைத் தொட்டுப் பார்த்து அவர்கள் முந்தானையால் கண் துடைத்ததையும் நான் கண்டேன். கண்ணீரே வராத விசுவாசத்தை நான் இதுவரை எவரிடத்திலும் கண்டதில்லை.

புது ஊரை எட்டும்போது இருட்டிவிட்டது. மழையில் நனைந்த வீடு, குளிர்ந்த அடுப்பு, ஒரு விறகுத்துண்டும் இல்லை. ஆலயப் பணியாளரான கோயில்குட்டி சாவியோடு வந்தார்; அக்குளில் ஒரு கட்டு உலர்ந்த விளார். "உபதேசியாரம்மா, மழையாயிருக்கிறதே, அடுப்பு மூட்ட வேணுமே என்று எடுத்து வந்தேன்" என்றார். அவரை நாங்கள் அதற்குமுன் பார்த்ததில்லை. தாயார் முதலில் அடுப்பை மூட்டவில்லை. வெறுங்கலயத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுப்பங்கரை மாடத்தில் வைத்தார்கள். பிறகு சாக்கிலிருந்த அரிசியை அளந்து, ஒரு கைப்பிடி அதில் போட்டுவிட்டு, உலை ஏற்றினார்கள்.

அந்த ஊரில் நாங்கள் 6 வருஷம் இருந்தோம். கடன் வாங்கிய மாதங்கள் உண்டு. அடுப்பு மூட்டாத நாள் ஒன்றும் இல்லை.