பாட்டியின் பாடுபட்ட சுரூபம்

மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டு செல்வது பங்குக் குருவின் இனிய கடமைகளுள் ஒன்று. திருச்சியிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத் தீவுக்குள் நுழைந்தால், ஒருபுறம் இராஜகோபுரம் வானளாவி நிற்கும், மறுபுறம் திருவானைக்கோவில். யானை ஒன்று காவிரி நீரை முகந்து வந்து வழிபட்ட சோலை என்பது அவ்வூர்ப் பெயருக்கு மக்கள் கூறும் வரலாறு. அத்தீவில் வாழும் நம் கிறிஸ்தவக் குழந்தைகளும் கோயில் யானையைக் கண்டால் நின்று பார்த்துவிட்டுத்தான் நகருவார்கள். யானை எல்லார்க்கும் பொதுவான வியப்பு அன்றோ!

அத்தீவில் நாம் சந்திக்கச் செல்லும் நோயாளிகளுள் எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவர் உண்டு. அவர் கட்டிலுக்கு மேல், சுவரில், கருங்காலிச் சிலுவையில் அறையப்பட்ட ஒரு சாண் அளவுள்ள பாடுபட்ட சுரூபம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆண்டவரின் திருமேனி யானைத் தந்தத்தில் செதுக்கப்பட்டது. பாட்டியின் மாமனார் இரங்கூனில் அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதியவர். 1942-இல் குண்டுவீச்சுக்கு அஞ்சித் தமிழர்கள் கூட்டங்கூட்டமாக நடந்தே பர்மாவை விட்டு வெளியேறியபோது, வேட்டி மூட்டைக்குள் சுற்றி அவர் கொண்டுவந்த ஒரே சொத்து அதுதானாம். அக்குடும்பத்தில் உயிர் பிரியும் ஒவ்வொருவர் கையிலும் அச்சுரூபத்தை வைப்பது வழக்கம். பாட்டியின் கணவருக்கு நாம் நோயில் பூசுதல் கொடுத்தபோது, அவர் விரல்கள் அதைப் பற்றியிருந்ததை நாமே கண்டோம்.

சென்ற ஆண்டு ஒரு முதல் வெள்ளியன்று, பாட்டி சற்றுத் தயங்கியபடியே பேச்சைத் தொடங்கினார்.

“சாமி, பேத்திக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. பணத்துக்குத்தான் வழியில்லை. இந்தச் சுரூபத்தை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். பழைய கோவில் பொருள் என்று நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்கிறார்.”

நாமும் அதிகம் சிந்தியாமல், “அதற்கென்ன பாட்டி, அடுத்த முறை வரும்போது எழுதித் தருகிறோம்” என்று சொல்லிவிட்டோம். நாம் செய்த பிழை அது. ஓர் ஏழை மாணவியின் படிப்பு என்ற நல்ல நோக்கம் நம் கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப் பின், கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியரிடம் இதைத் தற்செயலாகக் கூறினோம். அவர் முகம் மாறியது. “சாமி, தயவுசெய்து அந்தக் கடிதத்தை எழுதிவிடாதீர்கள்” என்றார். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 1986-இல் இந்திய யானைத் தந்த வணிகமும், 1991-இல் ஆப்பிரிக்கத் தந்த வணிகமும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டதை எடுத்துரைத்தார். பொருள் பழையது, புனிதமானது என்பதால் விற்பனை நேர்மையாகிவிடாது என்றும், பழைய தந்தம் என்ற போர்வையில்தான் புதிய தந்தமும் கைமாறுகிறது என்றும் விளக்கினார்.

பிறகு அவர் கூறிய செய்தி நம்மை உறங்கவிடவில்லை. 1533-இல் போர்த்துக்கல்லிலிருந்து இந்தியா நோக்கிப் புறப்பட்ட கப்பல் ஒன்று ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் மூழ்கியது. 2008-இல் நமீபியா நாட்டில் வைரம் தோண்டுவோர் அதைக் கண்டெடுத்தனர். பொற்காசுகளோடும் செப்புக் கட்டிகளோடும், நூற்றுக்கும் மேற்பட்ட யானைத் தந்தங்களும் அதில் கிடந்தன. ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் கடலடியில் கிடந்த அத்தந்தங்களிலிருந்து அறிவியலாளர் மரபணுக்களைப் பிரித்தெடுத்து, 2020-இல் முடிவை வெளியிட்டனர். அவை மேற்கு ஆப்பிரிக்காவின் காட்டு யானைகளுடையவை. குறைந்தது 17 தாய்வழிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றுள் 4 வழிகளை மட்டுமே இன்று வாழும் யானைகளிடம் காண முடிந்தது. அந்தக் கப்பல் எதுவென்று ஆய்வாளர் கருதுகின்றனர் தெரியுமா? ‘போம் ஜேசு’. ‘நல்ல இயேசு’ என்பது அதன் பொருள்!

நல்ல இயேசுவின் பெயரைத் தாங்கிய கப்பலில், நம் நாட்டுக்கு வரவிருந்த தந்தங்கள்! அக்காலத்தில் கோவாவிலும் இலங்கையிலும் தந்தத்தில் சுரூபங்கள் மிகுதியாகச் செதுக்கப்பட்டன. கோவாவுக்கு வேண்டிய தந்தம் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது. பக்தியோடு முத்தமிட்ட நம் முன்னோரை நாம் குற்றஞ்சாட்டவில்லை. ஆயினும், ஒவ்வொரு தந்தத்துக்கும் பின்னால் ஒரு யானை மடிந்தது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

மரபணு என்றால் என்ன என்று வாசகர் கேட்கலாம். உயிரினத்தின் ஒவ்வோர் உயிரணுவிலும் இறைவன் எழுதி வைத்த குடும்பக் குறிப்பேடு என்று அதைச் சொல்லலாம். தாய் தந்தையரிடமிருந்து பிள்ளைக்குப் பண்புகள் எந்த ஒழுங்கில் வந்து சேருகின்றன என்பதை முதன்முதல் கணக்கிட்டுக் காட்டியவர் ஒரு குருவே. அகுஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டல், தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து, 1865-இல் தம் முடிவுகளைக் கூறினார். அன்று அதன் அருமையை உணர்ந்தோர் மிகச் சிலரே. இன்று அவர் தொடங்கி வைத்த அறிவு, யானைக்கு நீதி கேட்கும் அறிவாக வளர்ந்துள்ளது.

எவ்வாறெனில், யானையைப் பிடிக்கவோ காயப்படுத்தவோ வேண்டியதில்லை. காட்டில் அது விட்டுச் செல்லும் லத்தியின் மேற்புறத்தில் அதன் குடலிலிருந்து உதிர்ந்த உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். அதில் சிறிதளவு எடுத்து ஆய்ந்தால், இன்ன யானை, இன்ன இனம், இன்ன குடும்பம் என்று அறியலாம். அமெரிக்காவின் சாமுவேல் வாசர் என்பவர் ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்த இத்தகைய மாதிரிகளைக் கொண்டு மரபணு வரைபடம் ஒன்றை அமைத்தார். 1996 முதல் 2014 வரை பிடிபட்ட 28 பெரிய தந்தக் கடத்தல்களை அதனோடு ஒப்பிட்டு, எந்தக் காடுகளில் கொலை மிகுதியாக நடந்தது என்று 2015-இல் சுட்டிக் காட்டினார். ஒரே யானையின் இரு தந்தங்கள் வெவ்வேறு கப்பல் சரக்குகளில் பிடிபட்டதையும் இம்முறை கண்டுபிடித்து, அவ்விரு சரக்குகளையும் அனுப்பியது ஒரே கும்பல் என்பதற்குத் தடயம் தந்தது. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூக்குரலிட்டதை விவிலியத்தில் வாசிக்கிறோம். ஊமைத் தந்தமும் இன்று சாட்சி கூறுகிறது.

ஆப்பிரிக்க யானை ஓரினமன்று, காட்டு யானை, புல்வெளி யானை என ஈரினம் என்பதையும் மரபணு ஆய்வே உறுதிப்படுத்தியது. 2021-இல் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டபோது, காட்டு யானைகள் 31 ஆண்டுகளில் 86 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிட்டன என்ற கொடிய உண்மை வெளிப்பட்டது. ஒன்றாக எண்ணியவரை ஒன்றின் அழிவை மற்றொன்றின் எண்ணிக்கை மறைத்திருந்தது. மொசாம்பிக் நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. கொரொங்கோசா காட்டில் தந்தத்துக்காக யானைகள் கொன்று குவிக்கப்பட்டன. தந்தமின்றிப் பிறந்த பெண் யானைகளே பெரிதும் உயிர் தப்பியதால், அடுத்த தலைமுறையில் தந்தமற்ற பெண் யானைகள் பெருகின. மனிதனின் பேராசை, படைப்பின் குறிப்பேட்டிலேயே கறையாகப் பதிந்துவிட்டது!

நம் மலைகளுக்கு வருவோம். 2005-இல் விஞ்ஞானிகள் வித்யா, சுகுமார் முதலியோர், நீலகிரி, ஆனைமலை, பெரியாறு காடுகளின் யானைகளை ஆராய்ந்தனர். நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வாழும் யானைகளும் தெற்கே வாழ்பவையும் மரபால் வேறுபட்டவை எனக் கண்டனர். உலகின் மிகப் பெரிய ஆசிய யானைக் கூட்டம் நீலகிரிப் பகுதியிலேதான் உள்ளது. ஆயினும் அங்கே ஒரே ஒரு தாய்வழிதான் காணப்பட்டது. எண்ணிக்கை மிகுந்திருந்தும் வகைமை குறைந்திருக்கலாம் என்பது நாம் கற்க வேண்டிய பாடம். முழு மரபணுத் தொகுதியையும் ஆராய்ந்து 2024-இல் வெளிவந்த ஆய்வொன்று, செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள யானைகள் தனிக் குடும்பம் என்றும், அவை 150-க்கும் குறைவாக இருக்கலாம் என்றும் எச்சரிக்கிறது. சிறு கூட்டம் தனித்துவிட்டால் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகி நலிவுறும். ஆகவே காட்டுக்கும் காட்டுக்கும் இடையே யானைகள் நடமாடும் வழிகளை அடைப்பது, அவற்றின் வருங்காலத்தையே அடைப்பதாகும்.

2025 அக்டோபரில், இந்தியாவில் முதன்முறையாக மரபணு வழியில் எடுக்கப்பட்ட யானைக் கணக்கு வெளியாயிற்று. 21,056 லத்தி மாதிரிகளைச் சேகரித்து மதிப்பிட்டதில், நாட்டில் 22,446 யானைகள், தமிழகத்தில் 3,136. நம் மாவட்டத்து எம்.ஆர். பாளையத்தில், மனிதரிடம் துன்புற்று மீட்கப்பட்ட யானைகளுக்கு வனத்துறை 2019 முதல் புகலிடம் தந்து வருகிறது.

இவற்றையெல்லாம் கேட்டபின், கடிதத்துக்குப் பதிலாக நாம் வெறுங்கையோடு பாட்டியிடம் சென்றோம். முதலில் நம் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டோம். பின்பு விவரம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. படிப்புக்கான பணம் கைநழுவிய வருத்தம் முகத்தில் தெரிந்தது. கடைசியில் சுவரை நோக்கியபடி, “இது எந்தக் காட்டு யானை, சாமி?” என்று கேட்டார்.

பர்மா யானையோ, ஆப்பிரிக்க யானையோ, நம் மலை யானையோ, நாம் அறியோம். ஒரு சிட்டுக்குருவி விழுவதையும் அறிகின்ற தந்தை அதை அறிவார் என்றோம்.

உடைமைச் சான்று இல்லாத அச்சுரூபத்தை ஆசிரியரின் துணையோடு வனத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஒப்படைத்தோம். அதற்கு ஈடாக ஒரு காசும் கிடைக்கவில்லை. ஒப்படைக்கும் முன் பாட்டி அதை ஒருமுறை மார்போடு அணைத்து முத்தமிட்டார். பேத்தியின் முதலாண்டுக் கட்டணத்தில் பாதியைப் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையார் திரட்டினர். மீதி வங்கிக் கடன். அக்கடன் அந்தப் பிள்ளையின் தோளில் இருக்கிறது என்பதை நாம் மறக்கவில்லை. வாசகரும் மறவாதிருக்க வேண்டுகிறோம்.

அன்பார்ந்த பங்குக் குடும்பங்களே, உங்கள் இல்லங்களிலும் தாத்தா பாட்டி விட்டுச் சென்ற தந்தப் பொருள் இருக்கலாம். விலை பேச வருவோரை நம்பாதீர். வனத்துறையினரிடம் உண்மையைச் சொல்லுங்கள். புதிதாக எதையும் வாங்காதீர். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சி’ சுற்றுமடல், படைப்பு அனைத்தும் ஒரே இல்லம் என்று நமக்கு நினைவூட்டியது. அவ்வில்லத்தில் யானைக்கும் ஓர் அறை உண்டு.

இப்போது பாட்டியின் கட்டிலுக்கு மேல், அதே ஆணியில், வேப்பமரத்தில் செய்த எளிய சிலுவை தொங்குகிறது. சென்ற முதல் வெள்ளியன்று நற்கருணை வாங்கியபின் பாட்டி அதைக் காட்டிச் சொன்னார்: “இதுவும் கைக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது, சாமி. எனக்கு நேரம் வரும்போது இதையே வையுங்கள்.”

அவ்வாறே செய்வோம்.