பத்து கிராம் ஐநூறு ரூபாய்

டில்லி துவாரகாவில் ஓர் அடுக்கு மாடிக் குடியிருப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்ததும் பேரன் தன் கைபேசிக்கு வந்த ஒரு பட்டியலை உரக்கப் படிக்கிறான். 1974ஆம் ஆண்டு விலைகள். தங்கம் பத்து கிராம் 506 ரூபாய். டாலர் 8 ரூபாய்.

“பாட்டி, அப்போ நீங்கள்லாம் ராஜா மாதிரி இருந்திருப்பீங்களே! ஆளுக்கு ஒரு கிலோ தங்கம் வாங்கிப் போட்டிருக்கலாம்.”

எண்பதை நெருங்கும் பாட்டி மடியில் தட்டை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார். கை நிற்கவில்லை. “விலை சரிதான் கண்ணா. ஆனா அந்த விலைக்கு நான் வாங்கலை. வித்தேன்.”

பழைய விலைப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் இருக்கும் குறை இதுதான். படிக்கிறவர் தன்னை வாங்குகிறவராகவே நினைத்துக்கொள்கிறார். விற்றவர்கள் பட்டியலில் வருவதில்லை. வரிசையில் நின்று வெறும் பையுடன் திரும்பியவர்களும் வருவதில்லை. ‘அந்தக் காலத்தில் எல்லாம் சலிசு’ என்ற பெருமூச்சுக்கு மிகவும் ஒவ்வாத ஆண்டு ஒன்று உண்டென்றால் அது 1974தான்.

பாட்டிக்கு அப்போது 27 வயது. கல்யாணமாகி டில்லிக்கு வந்து நான்கு வருஷம். ஆர்.கே. புரத்தில் அரசாங்க குவார்ட்டர்ஸ். கணவர் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் லோயர் டிவிஷன் குமாஸ்தா. மூன்றாவது சம்பளக் கமிஷன் சிபாரிசுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு ஊதிய விகிதம் 260-400 ரூபாய். மத்திய அரசின் கடைநிலை ஊழியருக்குக் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 196 ரூபாய். அதாவது பத்து கிராம் தங்கம் வாங்கக் கடைநிலை ஊழியரின் இரண்டரை மாத அடிப்படைச் சம்பளம் போதும். 2016இல் அதே குறைந்தபட்சம் 18,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. 2025இல் பத்து கிராம் தங்கம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. தங்கத்தை மட்டும் அளவுகோலாக வைத்தால் பேரன் சொன்னதில் தவறில்லை.

ஆனால் மாதாமாதம் தங்கமா வாங்குகிறார்கள்? கோதுமையும் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் டால்டாவும் வாங்கியாக வேண்டும். இடி விழுந்தது அங்கேதான்.

1972இல் மழை பொய்த்தது. 1973 ஏப்ரலில் கோதுமை மொத்த வியாபாரத்தை அரசே எடுத்துக்கொண்டது. விவசாயிகளும் வியாபாரிகளும் தானியத்தை வெளியே விடவில்லை. திட்டம் அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. குவிண்டாலுக்கு 76 ரூபாயாக இருந்த கோதுமைக் கொள்முதல் விலை 105 ஆயிற்று. இதற்கிடையே 1973 அக்டோபரில் அரபு-இஸ்ரேல் யுத்தம். பீப்பாய் 3 டாலர் வாக்கில் இருந்த கச்சா எண்ணெய் மூன்றே மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெட்ரோல் விலையைக் கண்டித்து வாஜ்பாய் மாட்டு வண்டியில் பாராளுமன்றத்துக்குப் போனது அந்த நவம்பரில்தான். 1974-75இல் மொத்த விலைவாசி ஒரே ஆண்டில் சுமார் 25 சதவீதம் ஏறியது. சுதந்திர இந்தியா அதற்கு முன் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

ஆர்.கே. புரத்தில் இந்தப் புள்ளிவிவரம் எதுவும் யாருக்கும் தெரியாது. விடியற்காலை நாலரை மணி தெரியும். டில்லி பால் திட்டத்தின் பூத் முன்னால் அப்போதே வரிசை நிற்கும். கையில் அட்டை, காலி பாட்டில்கள். அட்டைக்கு இத்தனை பாட்டில் என்று கணக்கு. பால் முடிந்தால் அடுத்தது மண்ணெண்ணெய். தகர டின்னை வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு சர்தாரிணியிடம் “கொஞ்சம் பார்த்துக்குங்க பெஹன்ஜி” என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு ஓடி வந்து உலை வைக்க வேண்டும். ரேஷன் கடையில் சர்க்கரை வந்தால் செய்தி காற்றில் வரும். டால்டா வந்தால் அதைவிட வேகமாக வரும்.

“டின் என் இடத்துல நிக்கும். நான் நிக்க வேண்டாம். அந்த டின்னுக்கு எங்க வீட்டுல என்னைவிட மரியாதை” என்று சிரிக்கிறார் பாட்டி.

பம்பாய்ப் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கவில்லை. மிருணாள் கோரே, அஹில்யா ரங்கணேகர் போன்றவர்கள் கட்சி பேதம் பார்க்காமல் கூட்டுக் குழு அமைத்தார்கள். சப்பாத்திக் கட்டையால் தட்டை அடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான இல்லத்தரசிகள் தெருவுக்கு வந்தார்கள். அகமதாபாதில் ஒரு பொறியியல் கல்லூரி விடுதியில் சாப்பாட்டுக் கட்டணம் ஏறியதில் தொடங்கிய மாணவர் கிளர்ச்சி, 1974 பிப்ரவரியில் குஜராத் முதல்வர் சிமன்பாய் படேலைப் பதவியிலிருந்து இறக்கியது. ஜூன் 5 அன்று பாட்னா காந்தி மைதானத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் ‘முழுப் புரட்சி’ என்றார். அந்த ஆண்டின் பெரிய அரசியல் எல்லாமே சாப்பாட்டுத் தட்டிலிருந்து கிளம்பியதுதான்.

பாட்டியின் வீட்டுக்கு அது மே மாதம் வந்தது.

மே 8 அன்று நாடு முழுவதும் ரயில்கள் நின்றன. ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். எட்டு மணி நேர வேலை, போனஸ், மற்ற பொதுத்துறைகளுக்கு இணையான சம்பளம் என்பவை கோரிக்கைகள். ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். ரயில்வே காலனிகளில் வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு நாள் இரவு கதவு தட்டப்பட்டது. பாட்டியின் தம்பி, மனைவி, இரண்டு குழந்தைகள், ஓர் இரும்புப் பெட்டி.

ரேஷன் கார்டில் பெயர் நான்கு: கணவர், மனைவி, மாமியார், கைக்குழந்தை. அன்று இரவு முதல் வீட்டில் வாய் எட்டு. போதாததற்கு, வேலைநிறுத்தத்தில் இருக்கிறவருக்கு இடம் கொடுத்தது அலுவலகத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கணவருக்கு பயம். “தம்பி ஊர்ல இருந்து வைத்தியத்துக்கு வந்திருக்கான்னு அக்கம்பக்கத்துல சொன்னோம். அவன் பத்து நாள் சட்டைகூடப் போடாம நோயாளி மாதிரி கட்டில்லயே படுத்திருந்தான்.”

கட்டிலுக்குப் பக்கத்தில்தான் டிரான்சிஸ்டர். மே 18 அன்று அதில்தான் பொக்ரான் அணுவெடிப்புச் செய்தி வந்தது. கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. மாமியார் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, “அதுல அடுப்பு எரியுமாடா?” என்றாராம். இருபது நாளில் வேலைநிறுத்தம் முறிந்தது. தம்பிக்கு வேலை போயிற்று.

ஜூன் 24 அன்று அதே டிரான்சிஸ்டர் இன்னொரு சேதி சொன்னது. லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா 42 ரன்னுக்கு ஆல் அவுட். மூன்றே வருஷம் முன்பு அதே இங்கிலாந்தில் தொடரை ஜெயித்துவிட்டு வந்த அதே வாடேகரின் அணி. சோல்கர் மட்டும் ஆட்டமிழக்காமல் 18. “அன்னிக்குத்தான் உங்க தாத்தாவும் என் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேசினாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து திட்ட ஆள் கிடைச்சதே!”

ஜூலையில் அடுத்த அடி. பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சம்பள உயர்வு முழுவதும், கூடுதல் பஞ்சப்படியில் பாதியும் கட்டாய டெபாசிட். பிற்பாடு தவணை தவணையாக, வட்டியோடு திரும்பக் கிடைக்கும் என்றார்கள். கிடைக்கவும் செய்தது. ஆனால் அதற்குள் அந்த ரூபாய் மெலிந்துவிட்டது. ஊழியர் கையில் பணம் குறைந்தால் விலை இறங்கும் என்பது பொருளாதாரம். எட்டுப் பேருக்கு மாவு பிசைகிறவருக்கு அது புரியவில்லை. இருபதாம் தேதிக்கு மேல் டப்பாக்கள் காலி.

ஆகஸ்டில் ஒரு மதியம், மாமியாரிடம்கூடச் சொல்லாமல் பாட்டி கரோல்பாகுக்கு பஸ் ஏறினார். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலம். உரிமம் உள்ள கடையில்தான் விற்க முடியும். கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் போட்ட வளையல் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு சவரன். கடைக்காரர் உரைத்துப் பார்த்தார், தேய்மானம் கழித்தார். எழுநூறு ரூபாய் வாக்கில் வந்தது. “நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள்” என்றாராம் அவர். பொய்யில்லை. 1973இல் பத்து கிராம் 280 ரூபாய்க்குள் இருந்த தங்கம் ஒரே வருஷத்தில் ஐநூறைத் தொட்டிருந்தது. ரூபாயை நம்பாதவர்கள் தங்கத்துக்கு ஓடினார்கள். அடுப்பு எரிய வேண்டியவர்கள் தங்கத்தைக் கொடுத்துவிட்டு ரூபாய் வாங்கினார்கள். இரண்டு கூட்டமும் ஒரே கடையில் சந்தித்தன.

வீட்டில் யாரும் கேட்கவில்லை. மறுவாரம் கணவர் இரண்டு ஜோடி கண்ணாடி வளையல் வாங்கி வந்து மேஜையில் வைத்தார். அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் சினிமாவுக்குப் போனார்கள் என்றால் இப்போது நம்புவது கடினம். ஆனால் போனார்கள். அந்த ஆண்டு ‘ரஜனிகந்தா’ வந்தது. பாசு சட்டர்ஜியின் படம். மன்னு பண்டாரியின் கதை. அமோல் பாலேகர் படம் பூராவும் ஆபீஸ், பிரமோஷன் என்று பேசுவார். “உங்க தாத்தாவைப் பார்த்து எடுத்த மாதிரி இருந்தது” என்கிறார் பாட்டி. அக்டோபரில் மனோஜ் குமாரின் ‘ரோட்டி கப்டா அவுர் மக்கான்’. உணவு, உடை, வீடு என்று பெயரிலேயே மனு எழுதிக்கொண்டு வந்த படம். வேலை கிடைக்காத பட்டதாரி ஒருவன் தன் பட்டத்தை நெருப்பில் போடுகிறான். அதில் விலைவாசியைத் திட்டும் நீளமான பாட்டு ஒன்று. கல்யாண ஊர்வல பேண்டுகூட அதை வாசித்தது. இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்திய பினாகா கீத்மாலாவில் 1975ஆம் ஆண்டின் முதல் இடம் அந்தப் பாட்டுக்குத்தான். காதல் பாட்டுகளையெல்லாம் தள்ளிவிட்டு விலைவாசி முதலில் வந்தது.

தியேட்டரில் அந்தப் பாட்டு வந்தபோது ஜனங்கள் விசிலடித்தார்கள், கைதட்டினார்கள். தம்பி மட்டும் எழுந்து வெளியே போய்விட்டான். இடைவேளையில் பார்த்தால் வாசலில் வேர்க்கடலை விற்கிறவரிடம் பேசிக்கொண்டு நின்றான். அவரும் ரயில்வேயில் வேலை போனவராம்.

நல்லதும் நடக்காமல் இல்லை. டில்லியில் மதர் டெய்ரி தொடங்கியது 1974இல்தான். பூத்தில் காசு போட்டால் குழாயில் பால். மெல்ல மெல்ல அந்த நாலரை மணி வரிசை கரைந்தது. அகமதாபாதில் கர்சன்பாய் படேல் என்பவர் பெரிய கம்பெனிகளின் சோப்புத்தூளுக்குப் போட்டியாக, நாலில் ஒரு பங்கு விலையில் ஒரு மஞ்சள் தூளைச் சைக்கிளில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். நிர்மா என்று நாடே பிற்பாடு அதை அறிந்துகொண்டது. கிடைக்காத காலம் சிலரைக் கடத்தல்காரர் ஆக்கியது, சிலரைத் தொழிலதிபர் ஆக்கியது. பெரும்பாலானவர்களை வரிசையில் நிற்க வைத்தது.

தம்பி வருஷக் கடைசியில் ஒரு லேத் பட்டறையில் வேலை தேடிக்கொண்டு குடும்பத்தோடு தனியாகப் போனான். 1977இல் ஜனதா ஆட்சி வந்து, வேலைநிறுத்தத்தில் நீக்கப்பட்டவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவனுக்கும் பழைய வேலை கிடைத்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 1980 பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்தான். வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் எழுநூறு ரூபாய்.

“வளையல் வித்தது உனக்கு எப்படிடா தெரியும்?”

“கட்டில்ல படுத்திருந்தவனுக்குக் கண் இல்லையா அக்கா?”

அந்த வருஷம் பத்து கிராம் தங்கம் 1,300 ரூபாய்க்கு மேல். எழுநூறு ரூபாய்க்கு முக்கால் சவரன் தேறுவதே கஷ்டம். கடன் அடைந்தது, வளையல் வரவில்லை. அக்காவுக்கும் கணக்குத் தெரியும், தம்பிக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தம்பி காலமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன.

பேரன் இதற்குள் கைபேசியில் பெருக்கிக்கொண்டிருக்கிறான். இரண்டு சவரன், பதினாறு கிராம், இன்றைய விலை.

“பாட்டி! அந்த ரெண்டு வளையலை மட்டும் வச்சிருந்தா இன்னிக்கு ஒண்ணரை லட்சத்துக்கு மேல!”

பாட்டி கீரைத் தண்டுகளை ஒதுக்கிவிட்டு எழுந்திருக்கிறார்.

“இன்னிக்கு அது ஒண்ணரை லட்சம். அன்னிக்கு அது அஞ்சு மாசம் எட்டுப் பேர் சாப்பாடு. எது ஜாஸ்தின்னு நீயே போட்டுப் பாரு.”