அம்மாவைக் கேட்டார்கள், நான் பதில் சொன்னேன்

என் அம்மாவின் கீழ்த்தாடையில் ஈறு மூடாமல் எலும்பு வெளியே தெரிகிறது. அவருக்கு வந்த புற்றுநோய் மட்டும் அதற்குக் காரணமில்லை. மதுரையில் ஒரு மருத்துவர் அம்மாவைப் பார்த்து, “பல்லுல ஏதாவது தொந்தரவு இருக்கா?” என்று கேட்டார். அம்மா வாய் திறப்பதற்குள், “இல்லைங்க சார்” என்று நான் சொன்னேன். அந்தப் பதிலும் காரணம். வெகு காலம் இதை யாரிடமும் சொல்லாமல் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் வேடசந்தூர். மில்கள் பெருகுவதற்கு முன்பே புகையிலைக்குப் பேர்போன மண். மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் 1948இல் இங்கே தொடங்கப்பட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மா புகையிலைக் காட்டில் வேலை பார்த்தவர். வெற்றிலையோடு ஒரு துண்டுப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால்தான் அவருக்கு வேலை ஓடும். புகையிலையை அடக்கும் அந்த இடம்தான் முதலில் வெளுத்துத் தடித்தது, பிறகு புண்ணானது. சூட்டுப் புண் என்று மணத்தக்காளிக் கீரை கொடுத்தோம். இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அது அறியாமை, அதை மன்னித்துவிடலாம். நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு தெரிந்தே செய்ததை.

சதை எடுத்து டெஸ்ட் பார்த்து, புற்றுநோய் என்று உறுதியாகி, ஆபரேஷனும் முடிந்தது. அடுத்து கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். கதிர்வீச்சை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஃபைலைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் நான். வீட்டில் படித்தவன், மில்லில் கணக்குப் பார்ப்பவன், டாக்டரிடம் பேசத் தெரிந்தவன் என்று எல்லாரும் நம்பினார்கள். உண்மையில் அந்த அறைக்குள் நுழைந்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வெளியே அத்தனை பேர் காத்திருக்க, ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால் டாக்டர் முகம் சுளிப்பாரோ, அந்தக் கோபம் அம்மாவின் வைத்தியத்தில் தெரியுமோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அன்று காலை பஸ்ஸில் வரும்போதே அம்மா சொன்னார்: “கடவாப்பல்லு ராத்திரி பூரா கொடையுதுய்யா. மறக்காம டாக்டருகிட்டச் சொல்லு.” நான் மறக்கவில்லை. சொன்னால் பல் டாக்டரிடம் அனுப்புவார்கள், கரண்ட் வைப்பது தள்ளிப்போகும், மில்லில் இன்னொரு லீவு கேட்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் “இல்லை” என்று பதில் வந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியாதா என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்.

அந்தக் கேள்வியை மருத்துவர் பேச்சுக்குக் கேட்கவில்லை. தாடையில் கதிர்வீச்சு பட்டால் எலும்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கிப்போகும். அதன்பின் அங்கே பல்லைப் பிடுங்கினால் குழி மூடாமல் எலும்பு செத்துப்போகலாம். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடைக்கு இந்த ஆபத்து அதிகம், ஆண்டுகள் போனாலும் அது விலகுவதில்லை. அதனால் சொத்தைப் பல்லை முன்கூட்டியே எடுத்து, காயம் ஆற இரண்டு வாரம் போல விட்டு, அதன்பிறகுதான் தொடங்குவார்கள். கரண்ட் வைப்பது வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறு வாரம் வரை நடக்கும். அதற்கு முன்னால் இரண்டு வாரம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. கரண்ட் முடிந்து சில மாதத்தில் அதே பல் சீழ் பிடித்தது. நாங்கள் காட்டிய பல் மருத்துவர், கழுத்துத் தழும்பைப் பார்த்ததுமே தயங்கினார். கரண்ட் வைத்தவர்களிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். மறுபடி அந்தப் பெரிய டாக்டர் முன்னால் போய், அன்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. “கேட்டாச்சு சார், எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க” என்றேன். பல்லை எடுத்தார்கள். அந்தக் குழி இன்னும் மூடவில்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம், “டாக்டருங்க கவனிக்கலை” என்று சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு வீட்டில் சொன்னது அடுத்த வீட்டுக்குப் போனது. தங்கள் வேலையைச் சரியாகச் செய்த இரண்டு மருத்துவர்கள் மேல் பழியைப் போட்டுவிட்டு நல்ல மகன் என்ற பெயரை வாங்கிக்கொண்டேன்.

பணமில்லாததால் இப்படி ஆனது என்றும் சொல்ல முடியாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் பார்க்கலாம். கேட்க உரிமை இல்லை என்பதும் இல்லை. கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகளே சொல்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளி உரிமைச் சாசனத்தில், வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்பதும் உரிமையாக இருக்கிறது. இவையெல்லாம் இருந்தும் நான் வாய் திறக்கவில்லை.

என்னை அதிகம் உறுத்தியது ஒரு தீர்ப்பு. தில்லியில் சமீரா கோலி என்ற பெண்ணுக்கு, பரிசோதனைக்காகக் கொடுத்த மயக்கம் தெளியாத நிலையில் கர்ப்பப்பையை அகற்றினார்கள். வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கியிருந்தார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தானே முடிவெடுக்கக்கூடிய மகளுக்குப் பதிலாகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்ற தாயின் வார்த்தையே மகளின் வார்த்தை ஆகாது என்றால், சுயநினைவோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவை முந்திக்கொண்டு பதில் சொல்ல எனக்கு யார் உரிமை கொடுத்தது? அம்மாவுக்காகப் பேசுவதும் அம்மாவுக்குப் பதிலாகப் பேசுவதும் ஒன்றில்லை. அது எனக்குப் புரிய ஒரு தாடை எலும்பு விலையானது.

இப்போது டாக்டர் கேட்டால் அம்மாதான் முதலில் பேசுகிறார். வாய் சரியாகத் திறக்காது, சொல் குழறும், நேரமாகும். நான் காத்திருக்கிறேன். வலி எங்கே, எப்போதிருந்து, என்ன சாப்பிட முடிகிறது என்று முந்தின நாள் இரவே அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதி, அதை டாக்டர் கையில் கொடுக்கிறேன். டாக்டர் சொல்வதை, “இப்படித்தானே சார்?” என்று திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கிறேன். நான் பயந்த மாதிரி இதுவரை ஒரு மருத்துவரும் முகம் சுளிக்கவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பஸ்ஸில் அவர் சொன்னது நினைவிருந்தும் மறைத்ததை, பல் டாக்டரிடம் பொய் சொன்னதை. “நானாச்சும் சொல்லியிருக்கலாம்யா. ஒனக்குத் தெரியும்னு இருந்துட்டேன்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பல் மருத்துவரிடமும் போய் உண்மையைச் சொன்னேன். டாக்டர்கள் கவனிக்கவில்லை என்று நான் சொல்லிவைத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்த் திருத்திச் சொல்லி வருகிறேன். இன்னும் சில வீடுகள் பாக்கி. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.